தராசிடம் சொன்ன சேதி

அத்தியாயம் பதினாறு

கட்டுவால் வீட்டிற்குள் மகிழ்ச்சி சென்ற வாரம் கைபேசி வழியாக வந்து இறங்கியது. தோஹாவில் கட்டட வேலை பார்க்கும் கேசர் பகதூர், தசைன் திருநாளுக்கென்றும், மனைவி மேனுகாவின் நெடுநாள் ஆசைக்கென்றும் தொண்ணூறாயிரம் ரூபாய் அனுப்பியிருந்தான். அனுப்பியவன் அத்தோடு நின்றிருந்தால் இந்த அத்தியாயமே தேவைப்பட்டிராது. பணம் கட்டிய சீட்டைப் படம் பிடித்து, ‘கட்டுவால் குடும்பம்’ என்னும் கைபேசிக் குழுவில், சுற்றிலும் நான்கு பூக்கள் வைத்துப் போட்டுவிட்டான். பெருமை தாங்கவில்லை, பாவம்.

மேனுகாவின் ஆசை பெரியதன்று. அவர்களது மலையூரான ஹிலேயின் பேருந்து நிறுத்தத்திற்கு எதிரில் ஓர் அறை காலியாகக் கிடந்தது. அதில் அடுப்பு மூட்டி, தரானிலிருந்து ஏறி வரும் பயணிகளுக்குத் தேநீரும், அரிசி மாவில் வளையமாகச் சுடும் செல்ரொட்டியும் விற்க வேண்டும் என்பதே அவள் எண்ணம். முன்பணம் தசைனின் பத்தாம் நாளுக்கு முன்னால் வந்தால் சாவி உனக்கு, வராவிட்டால் கைபேசி பழுதுபார்ப்பவனுக்கு என்று அறையின் உரிமையாளர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

இன்று திருநாளின் ஏழாம் நாள். பணம் கொடுக்கும் கடை நண்பகலோடு மூடினால் பத்தாம் நாள் பெரியவர்கள் திலகம் இட்டு முடியும் வரை திறவாது.

ஆயினும் மேனுகா பதறவில்லை. மூடுபனி முற்றத்தில் உட்கார்ந்திருந்த அந்தக் காலையில், அரிசி மாவில் நெய்யும் சர்க்கரையும் சேர்த்து, முழங்கை வரை கையை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். ஒரு பானை மாவைப் பிசைந்து வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்ப் பணத்தை வாங்கி, முன்பணத்தைக் கட்டி, சாவியோடு திரும்பி வந்து ரொட்டி சுடுவது என்பது அவளது திட்டம்.

“அண்ணி, உங்க போன் ரெண்டு தடவை கத்திருச்சு. பார்க்கட்டுமா?” என்றாள் சம்ஜனா. தன்குட்டாவில் கல்லூரி படிக்கும் நாத்தனார் அவள். விடுமுறைக்கு நேற்றுத்தான் வந்திருந்தாள்.

“பாரு, படி. என் கை மாவுல இருக்கு. உங்க அண்ணன் ஏதாவது கொஞ்சியிருந்தா மட்டும் மனசுக்குள்ள படிச்சுக்கோ.”

“எங்க அண்ணன் கொஞ்சினா அதுல ஜல்லி விலையும் மணல் விலையும்தான் இருக்கும். அதை ஊரைக் கூட்டியே படிக்கலாம்.” சிரித்துக்கொண்டே கைபேசியை எடுத்தவள் கண்களை அகல விரித்தாள். “அட! பெரிய அண்ணா அனுப்பியிருக்காரு!”

பூசை அறைக்குள் தண்ணீர்ச் செம்பு ‘டங்’ என்று தரையில் விழுந்தது.

மாமியார் நந்தகலா அந்த இருட்டறையில்தான் ஜமராவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். வெயில் படாமல் மஞ்சளாக வளரும் வாற்கோதுமை நாற்று அது. பத்தாம் நாள் திலகமிட்டுப் பிள்ளைகளின் காதில் செருகுவதற்கானது. மூன்று ஆண்டுகளாக அவள் இரண்டு மகன்களுக்கும் சேர்த்தே விதைத்து வந்தாள். இளையவன் கடலுக்கு அப்பால் இருந்தான். மூத்தவன் டம்பர் பகதூரோ பேருந்தில் ஏறினால் அரை நாளில் வந்துவிடக்கூடிய இட்டஹரியில்தான் இருந்தான். ஆனால், கீழ்வயலை விற்பதா வேண்டாமா என்று தம்பியோடு மூண்ட சண்டையில் படியிறங்கிப் போனவன் திரும்பி வரவில்லை. தாயும் கூப்பிடவில்லை. ஆண்டுதோறும் அவர்கள் பங்கு நாற்று மட்டும் பூசை அறையிலேயே காய்ந்தது.

“என்னடி எழுதியிருக்கான் என் பிள்ளை? சத்தமா படி!” என்று கிழவி வாசலுக்கே வந்துவிட்டாள்.

சம்ஜனா படித்தாள்.

“‘மேனுகா தங்கச்சி, நல்லா இருக்கியா? நான் டம்பர் அண்ணன். ரோட்டுல பைக் மோதிருச்சு. ஆஸ்பத்திரியில கிடக்கேன். இன்னைக்கே கால்ல ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்க. கையில காசு இல்ல. தம்பி உனக்கு அனுப்பின பணத்தை நான் இங்கயே எடுத்துக்கறேன், தசைன் முடிஞ்சதும் குடுத்துடறேன். உன்னோட குடியுரிமைச் சான்றை முன்னாலயும் பின்னாலயும் போட்டோ எடுத்து உடனே அனுப்பு. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத, பயந்துடுவா...’”

கடைசி வரியை விழுங்குவதற்குள் அது வாயிலிருந்து வெளியே வந்துவிட்டது.

“ஐயோ, என் தங்கமே!” நந்தகலா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “காலு போச்சா? என் பிள்ளைக்குக் காலு போச்சா?”

“போகலம்மா! ஆபரேஷன்னுதான் இருக்கு. இரு, நான் கூப்பிட்டுப் பேசறேன்.” சம்ஜனா அந்தச் செயலி வழியாகவே அழைத்தாள். மணி அடித்தது, மறுமுனையில் துண்டிக்கப்பட்டது. உடனே ஒரு செய்தி வந்தது. ‘வார்டுல பேசக் கூடாதுன்னு நர்ஸ் திட்டறாங்க. போட்டோ அனுப்பு தங்கச்சி. டாக்டர் காத்துக்கிட்டு இருக்காரு.’

“பழைய நம்பருக்குப் போடுடி!”

“அந்த நம்பரை அண்ணா விட்டு வருஷம் ரெண்டாச்சும்மா. நம்மகிட்ட இருக்கறது இந்த ஆப் கணக்கு மட்டும்தான்.”

நந்தகலா மருமகளைப் பார்த்தாள். மேனுகாவின் கை மாவிலேயே இருந்தது.

“மருமகளே, இன்னும் என்ன பிசையற? எழுந்திரு! அந்தச் சான்றை எடு!”

மேனுகா கையைக் கழுவினாள். உள்ளே சென்று பெட்டியைத் திறந்து, பட்டுப் புடவைக்கு அடியிலிருந்த சான்றை எடுத்து வந்து, வெளிச்சத்திற்காக முற்றத்து முக்காலியில் வைத்தாள். அதைச் செய்த கைகள் அவளுடையவைதாம். மனம் மட்டும் ஓரடி பின்னால் நின்று வேடிக்கை பார்த்தது. அந்தப் பணம் போனால் அறை போகும். அறை போனால் மறுபடியும் ஓராண்டு கணவனின் சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். ஆனால் படுத்திருப்பவர் கணவனின் அண்ணன், மூத்தார். அவர் கால் பெரிதா, அடுப்பு வைக்கும் அறை பெரிதா? இதற்கெல்லாம் கணக்குப் பார்த்தால் மனிதப் பிறவி எதற்கு?

சம்ஜனா கைபேசியைச் சான்றின்மேல் நேராகப் பிடித்தாள். “அண்ணி, ஓரத்தைக் கொஞ்சம் அழுத்திப் பிடிங்க. காத்துல பறக்குது.”

மேனுகா விரலை ஓரத்தில் வைத்தாள். பிறகு, என்ன நினைத்தாளோ, உள்ளங்கை முழுவதையும் சான்றின்மேல் விரித்து மூடினாள்.

“சம்ஜனா, முதல் வரியை இன்னொரு தடவை படி.”

“‘மேனுகா தங்கச்சி, நல்லா இருக்கியா?’”

“உங்க பெரிய அண்ணா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நீ கேட்டிருக்கியா?”

சம்ஜனா கைபேசியைத் தாழ்த்தினாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தம்பி மனைவியின் முகத்தை மூத்தார் நேராகப் பார்ப்பதில்லை. அவள் பெயரைச் சொல்வதில்லை. கைபடும்படி எதையும் கொடுப்பதுமில்லை. அவள் அவர் எதிரில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள். இந்த வழக்கம் பல வீடுகளில் இப்போது தளர்ந்துவிட்டது. ஆனால் டம்பர் பகதூர் தளர விடுகிற ஆள் அல்லர். ஒரே கூரையின் கீழ் இருந்த காலம் முழுவதும், மேனுகாவிடம் சொல்ல வேண்டிய எதையும் அவர் வேறெதனிடமாவது சொல்லித்தான் அனுப்பினார். “ஏ தூணே, இந்த வீட்டுல ஒரு வாய் டீ கிடைக்குமா?” என்பார். தேநீர் வரும். “ஏ சுவரே, உப்புக் கொஞ்சம் குறையுது” என்பார். உப்பு வரும். ஒரு முறை அவள் தொழுவத்தில் குனிந்து நின்றபோது முக்காட்டின்மேல் குளவி உட்கார்ந்துவிட்டது. அவர் பதறிப்போய் மாட்டைப் பார்த்துக் கத்தினார்: “ஏ மாடே, மாடே! உன் பக்கத்துல நிக்கறவங்க தலையில குளவிடி! அசையாம இருக்கச் சொல்லு!” மாடு அசையவில்லை, மேனுகாவும் அசையவில்லை, குளவி பறந்துவிட்டது. அந்தக் கதையைச் சொல்லித் தெருவே ஒரு மாதம் சிரித்தது.

அப்படிப்பட்ட மனிதர் ‘தங்கச்சி, நல்லா இருக்கியா?’ என்கிறார்.

“எனக்கு வர வேண்டிய சேதின்னா அவரு உனக்கு அனுப்பியிருப்பாரு சம்ஜனா. ‘வீட்டுல இருக்கறவங்ககிட்ட சொல்லு’ன்னு எழுதியிருப்பாரு. என்னோட நேரா பேசறவரு அவரு இல்ல.”

“அடி போடி!” நந்தகலாவின் குரல் உடைந்தது. “வலியில துடிக்கறவன் முக்காட்டையும் முறையையும் பார்ப்பானா? காலு உடைஞ்சவனுக்குத் தூணு எங்க, சுவரு எங்க? பணம் போயிடுமேன்னு பார்க்கற நீ. அந்த ரூமு போயிடுமேன்னு பார்க்கற!”

மேனுகாவுக்கு முகத்தில் சுடுநீர் பட்டாற்போல் இருந்தது. மாமியார் சொன்னதில் நியாயமும் இருந்தது, அதுதான் வேதனை. ஆபத்தில் கிடப்பவன் வழக்கத்தை மறக்கலாம். செய்தி மெய்யாக இருந்து, அவள் மறுத்துவிட்டால்? அண்ணன் தம்பி பிரிந்ததற்கே ஊரில் பாதிப் பேர் அவளைத்தான் சொல்கிறார்கள். இனி ‘காலை வாங்கியவள்’ என்றும் சேர்த்துச் சொல்வார்கள். பொய்யாக இருந்து, அவள் அனுப்பிவிட்டால்? அறை போகும், திருநாள் போகும், பாலைவன வெயிலில் ஒருவன் பட்ட பாடு அத்தனையும் முகம் தெரியாத எவனோ ஒருவனின் சட்டைப் பைக்குள் போகும்.

“இந்த ஆளுக்கு என் பேருக்குப் பணம் வந்தது எப்படித் தெரியும்?” என்றாள் மெதுவாக.

“குழுவுலதான் கேசர் அண்ணா சீட்டைப் போட்டாரே. பெரிய அண்ணா கணக்கும் அதே குழுவுலதான் இருக்கு. ஒரு நாளும் ஒரு வார்த்தை போட மாட்டாரு, ஆனா இருப்பாரு...” சொல்லிக்கொண்டே வந்த சம்ஜனா நிறுத்தினாள். “அண்ணி! அந்தக் கணக்கை யாராவது திருடியிருந்தா? சீட்டுல பணம் வாங்கற நம்பர் இருக்கு. அனுப்பினவர் பேரு இருக்கு. தொகை இருக்கு. அவனுக்கு இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான்.”

மூவரும் முக்காலியைப் பார்த்தார்கள். மேனுகாவின் உள்ளங்கைக்கு அடியில் சான்று சமர்த்தாகக் கிடந்தது.

“நீ ஓடு” என்றாள் மேனுகா. “பணம் வாங்கற பெமா கடைக்கு ஓடு. இந்த நம்பருக்கு நான் வர்ற வரைக்கும் யாருக்கும் பணம் குடுக்க வேண்டாம்னு சொல்லு. நான் இதோ வந்துட்டேன்.”

“அம்மா?”

“அத்தையை நான் பார்த்துக்கறேன்.”

சம்ஜனா அண்ணியின் கைபேசியோடு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே ஓடினாள்.

நந்தகலா அழுகையை முந்தானையில் அடக்கிக்கொண்டிருந்தாள். மேனுகா அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு நாட்காட்டி தொங்கியது. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் பேருந்து ஓட்டுநர் கையில் சுருட்டிக் கொடுக்கப்பட்டு, ஒரு சொல்லும் இல்லாமல் வந்து சேரும் நாட்காட்டி அது. ‘கட்டுவால் ஹார்டுவேர், இட்டஹரி’ என்று மேலே பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. “சுவத்துல ஒரு ஓட்டை இருக்கு, அதை மறைக்கத்தான் மாட்டினேன்” என்று மாமியார் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவாள். அந்தச் சுவரில் ஓட்டையே கிடையாது.

கடைப் பெயருக்குக் கீழே கடையின் தொலைபேசி எண் இருந்தது.

அதை அவர்கள் நாள்தோறும் பார்த்தார்கள். ஏகாதசி என்றைக்கு என்று பார்த்தார்கள், அமாவாசை என்றைக்கு என்று பார்த்தார்கள். எண்ணை மட்டும் ஒருவரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“அத்தை, இதுக்குப் போட்டுப் பேசிப் பார்த்துடலாம். நீங்க பேசுங்க.”

நந்தகலா தன் கைபேசியை எடுத்தாள். அதை அப்படியே மருமகள் மடியில் வைத்துவிட்டாள். “எடுக்கலைன்னா? அடிச்சு அடிச்சு ஓஞ்சுபோச்சுன்னா? என்னால அந்தச் சத்தத்தைக் கேக்க முடியாதுடி. நீயே போடு.”

மேனுகா எண்களை அழுத்தினாள். பேச்சு மாமியாருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தாள். மணி அடித்தது. மறுபடியும் அடித்தது. நந்தகலா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“ஹலோ! கட்டுவால் ஹார்டுவேர்!”

கரகரத்த பெருங்குரல். மேனுகாவின் கை தானாகவே எழுந்து முக்காட்டை நெற்றி வரை இழுத்துவிட்டது. எதிரில் ஒருவரும் இல்லை. அடுப்பும் மாவுப் பானையும்தான் இருந்தன. ஆயினும் இழுத்தாள்.

“யாரு? என்ன வேணும்? ஆணியா, பெயிண்ட்டா? தகரம்னா தீர்ந்துபோச்சு, தசைன் முடிஞ்சுதான் வரும்.”

மேனுகா மாவுப் பானையைப் பார்த்தாள். அதுதான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

“ஏ பானையே” என்றாள் தழுதழுத்த குரலில், “ஹிலேயிலிருந்து பேசறோம்னு சொல்லு. அங்க எல்லாரும் சௌக்கியமான்னு கேளு.”

மறுமுனையில் இரைச்சல் சட்டென்று அடங்கியது. யாரிடமோ ‘அந்தப் பக்கம் போ’ என்று கையசைத்து விரட்டுவது போன்ற ஓர் ஓசை. பின்பு ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

“ஏ தராசே” என்றது அந்தப் பெருங்குரல், இப்போது மிகவும் தாழ்ந்து, “இங்க எல்லாரும் சௌக்கியம்தான்னு ஹிலேயிலிருந்து பேசறவங்ககிட்ட சொல்லு.”

நந்தகலா கண்ணைத் திறந்தாள்.

இதைவிடப் பெரிய அடையாளச் சான்று உலகில் எந்த அரசாங்கம் கொடுத்துவிட முடியும்? மேனுகாவுக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தன. இரண்டையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

“ஏ பானையே, அவங்க காலு நல்லா இருக்கான்னு கேளு. பைக் மோதிருச்சு, ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு அவங்க கணக்குலேருந்தே சேதி வந்திருக்கு. பணம் கேட்டு வந்திருக்கு.”

“காலா? ஏ தராசே, காலு போனவன்தான் இப்ப ரெண்டு மூட்டை சிமெண்ட்டைத் தூக்கி லாரியில வச்சானான்னு கேளு! பணமா? எவன் கேட்டான்?” குரல் உயர்ந்தது, பிறகு, தராசுக்குக் காது வலிக்குமே என்பதுபோல் தணிந்தது. “அந்தக் கணக்கு என் கையைவிட்டுப் போய் ஒரு வாரம் ஆச்சு. பரிசு விழுந்திருக்கு, நம்பரைச் சொல்லுங்கன்னு ஒருத்தன் பேசினான். போனுக்கு வந்த நம்பரை நானும் புத்தியில்லாம சொல்லித் தொலைச்சேன். வெளிய சொன்னா மானம் போகும்னு சும்மா இருந்துட்டேன். பணம் எதுவும் போயிடலையேன்னு கேளு.”

“போகலைன்னு சொல்லு பானையே. போட்டோ அனுப்பல.”

நீண்டதொரு பெருமூச்சு கேட்டது.

“ஏ தராசே, அந்த வீட்டுல இருக்கறவங்க கெட்டிக்காரங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும்னு சொல்லு. இப்பவே போலீஸ்ல எழுதிக் குடுத்துடறேன்னும் சொல்லு. அப்புறம்...” குரல் சற்றே தயங்கியது. “அப்புறம், பத்தாம் நாள் திலகத்துக்கு வரலாம்னு இங்க ஒரு பேச்சு இருக்கு. யாரும் கூப்பிடல. ஆனா பேச்சு இருக்கு. வந்தா நாலு தட்டு போடணும்னு சொல்லு.”

அதற்கு மேல் பானைக்கும் தராசுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. நந்தகலா கைபேசியைப் பிடுங்கினாள்.

“டேய் டம்பரா! சாப்பிட்டியாடா?”

“...அம்மா?”

“அம்மாதான்டா, வேற யாரு? சிமெண்ட் மூட்டையை நீ ஏன்டா தூக்கற? கடையில ஆள் இல்லையா? முதுகு என்னத்துக்கு ஆகும்? யாரும் கூப்பிடலையாம்! இந்தக் கழுதையைப் பத்திரிகை அடிச்சுக் கூப்பிடணுமாம்!”

இருவரும் கீழ்வயலைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. ஆட்டுக்கிடா விலையைப் பற்றிப் பேசினார்கள். சிமெண்ட் விலையைப் பற்றியும், அவனுடைய மகனின் பல் விழுந்ததைப் பற்றியும் பேசினார்கள். மேனுகா சான்றை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஓசைப்படாமல் வெளியேறினாள்.

கடைத்தெருவில் மூடுபனி விலகியிருந்தது. மூங்கில் ஊஞ்சலில் சிறுவர்கள் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். பெமாவின் கடையில் புடவைகளும் போர்வைகளும் வெந்நீர்க் குடுவைகளும் கூரை வரை அடுக்கியிருந்தன. அவற்றுக்கு நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்த மூலைதான் பணம் கொடுக்கும் இடம். சம்ஜனா அங்கே வாசலை மறித்துக்கொண்டு காவல் நின்றாள்.

“அண்ணி! என்னாச்சு?”

“அம்மாவும் பிள்ளையும் ஆட்டு விலை பேசிக்கிட்டு இருக்காங்க.”

சம்ஜனா குதித்த குதியில் ஒரு குடுவை உருண்டது.

“உடைச்சா காசு” என்றாள் பெமா. பிறகு மேனுகாவிடம் திரும்பினாள். “அக்கா, உங்க நாத்தனார் வந்து கத்தினதும் நான் தலைமை ஆபீசுக்குப் பேசினேன். காலையில தெற்கே ஒரு ஊர்ல எவனோ இந்த நம்பரைச் சொல்லி, பணம் வந்திருக்கான்னு விசாரிச்சிருக்கான். ‘பொண்டாட்டி பேருக்கு வந்தது, நான் புருஷன், எனக்குக் குடுங்க’ன்னு கேட்டானாம். பேருக்கு உரியவங்க மூலச் சான்றோட நேர்ல வரணும்னு சொன்னதும் கிளம்பிட்டானாம்.”

“போட்டோ கிடைச்சிருந்தா?”

“அதைப் பார்த்து ஒரு போலிச் சான்று தயார் பண்ணி, எவளாவது ஒருத்திக்கு முக்காடு போட்டு வேற கடைக்குக் கூட்டிட்டுப் போயிருப்பான். கூட்டமான நாள்ல எங்க கண்ணும் தப்பும் அக்கா. சான்றைக் குடுங்க.”

மேனுகா கொடுத்தாள். பெமா சான்றைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் சான்றைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒன்றாகப் பள்ளிக்குப் போனவர்கள். ஆனாலும் பார்த்தாள்.

“இதுல இருக்கற பொண்ணு ஒல்லியா இருக்கா.”

“அப்ப நான் என் மாமியார் சமையலை அதிகம் சாப்பிடல.”

“நம்பர் சொல்லுங்க... சரி. எவ்வளவு எதிர்பார்க்கறீங்க... சரி. அனுப்பினவர் பேரு?”

மேனுகா வழக்கம்போல் சான்றில் கணவன் பெயர் இருக்கும் வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். கணவன் பெயரை அவள் வாயால் சொன்னதே இல்லை. இங்கே எத்தனையோ முறை பணம் வாங்கியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் இந்த விரல்தான் பேசியது.

பெமா தலையை ஆட்டினாள். “இன்னைக்கு அது செல்லாது. ஒருத்தன் முயற்சி பண்ணிப் பார்த்த நம்பர் இது. தலைமை ஆபீஸ்காரங்க லைன்ல இருக்காங்க. நீங்க வாயால சொல்றதை அவங்க கேட்கணுமாம்.”

“நான் சொல்லட்டுமா?” என்றாள் சம்ஜனா ஆவலோடு.

“பணம் உன் பேருக்கா வந்திருக்கு? சும்மா இரு.”

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தொலைபேசி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. போர்வை வாங்க வந்த இருவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். மேனுகாவின் முகம் கழுத்து வரை சிவந்தது. வெளியே தெருவுக்கு எதிர்ப்புறம் அந்த அறையின் நீலக் கதவு தெரிந்தது. பூட்டு வெயிலில் மின்னியது.

பெமாவின் மூலையில், புடவை வாங்குவோர் வைத்துப் பார்ப்பதற்காக ஒரு நிலைக்கண்ணாடி சாத்தியிருந்தது. மேனுகா அதன் பக்கம் திரும்பி முக்காட்டைச் சரிசெய்தாள்.

“ஏ கண்ணாடியே” என்றாள் கணீரென்று, “அனுப்பினவர் பேரு கேசர் பகதூர் கட்டுவால்னு அவங்ககிட்ட சொல்லு.”

கடை அதிரச் சிரித்தது. பெமா கண்ணைத் துடைத்துக்கொண்டே தொலைபேசியில், “கேட்டீங்களா சார்? கண்ணாடி சொல்லிருச்சு” என்றாள். மறுமுனையில் என்ன சொன்னார்களோ தெரியாது. பணம் வெளியே வந்தது.

கையெழுத்திட்டு, தொகையைச் சரிபார்த்து, சீட்டை மடித்துச் சான்றோடு வைத்துக்கொண்டாள் மேனுகா. அதற்குள் சம்ஜனா தோஹாவுக்குக் குரல்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். “அண்ணா, உனக்குப் புண்ணியமாப் போகும். முதல்ல அந்தச் சீட்டுப் படத்தைக் குழுவுலேருந்து எடு. இனிமே நம்பரை அண்ணிக்கு மட்டும் சொல்லு. அதுவும் போன்ல, காதோட. பூ வேணும்னா தனியா அனுப்பு.” பிறகு திருடுபோன அந்தக் கணக்கைக் குழுவிலிருந்து நீக்கினாள். நீக்கும்போது அதிலிருந்து கடைசியாக ஒரு செய்தி வந்திருந்தது: ‘தங்கச்சி, போட்டோ எங்க?’ மேனுகா அதைப் பார்த்தாள். இவ்வளவு அன்பான அண்ணன் அவளுக்கு வேண்டாம். சுவரிடம் பேசுகிற மூத்தாரே போதும்.

தெருவைக் கடந்து முன்பணத்தைக் கட்டினாள். சாவி துருப்பிடித்திருந்தது, ஆனாலும் திரும்பியது.

மாலை வெயில் சாயும் நேரத்தில் கட்டுவால் வீட்டு முற்றம் நெய் மணத்தால் நிறைந்திருந்தது. மேனுகா மாவை வட்டமாக எண்ணெயில் விட, செல்ரொட்டிகள் பொன்னிறமாக உப்பி எழுந்தன. சாவி அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. நந்தகலா பரணிலிருந்து பித்தளைத் தட்டுகளை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலையில் சொன்ன சொல்லுக்கு அவள் வருத்தம் தெரிவிக்கவில்லை. முதல் ரொட்டியைப் பிய்த்து மருமகள் வாயில் ஊட்டிவிட்டு, “உன் கடையில இனிப்பு இதைவிடக் கொஞ்சம் கம்மியா போடு. பஸ்ஸுல போறவங்களுக்குக் குமட்டும்” என்றாள். அந்த வீட்டில் அதுதான் மன்னிப்பு.

“எத்தனை தட்டு போடணும்னு சொன்னான் அவன்?”

“நாலு அத்தை.”

நந்தகலா தேய்த்த தட்டுகளைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்தாள். “இது என் டம்பருக்கு. இது அவன் பொண்டாட்டிக்கு. இது பல்லு விழுந்தவனுக்கு.” நான்காவது தட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். அந்திவெயில் அதில் பட்டு அவள் முகத்தில் தெறித்தது. “போறப்ப மூணு பேர்தானே போனாங்க, இது யாருக்குடி?”

மேனுகாவின் கரண்டி எண்ணெய்க்கு மேலே நின்றது.

“நீ கேக்கலையா?”

“நான் எப்படி அத்தை கேக்கறது? இன்னைக்குத்தான் பானை வழியா பேசவே ஆரம்பிச்சிருக்கோம்.”

நந்தகலா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதையும் மற்ற மூன்றோடு சேர்த்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு, ஜமராவுக்குத் தண்ணீர் தெளிக்க இருட்டறைக்குள் போனாள்.